குண்டுதோப்புப் பாட்டு

பாலகுமாரின் பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவர்கள் இருவர். ஒருவன் கூடப் பிறந்த அண்ணன் உத்தமன். இன்னொருவன் சீனு. வேறு யார் இந்தக் காரியத்தைச் செய்திருந்தாலும் உத்தமன் நாலு கெட்ட வார்த்தை சொல்லித் துப்பிவிட்டு வேலைக்குப் போயிருப்பான். பெங்களூரில் ஏமாற்றுக்காரர்களுக்கா பஞ்சம்? ஆனால் தம்பியைச் சுமந்த தோள்காரனே தம்பியை விற்றுவிட்டான் என்றால், அதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

விற்ற சங்கதி தெரியவந்தது தொண்ணூற்றொன்பதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. உத்தமன் பெங்களூர் நீலசந்திராவில் இருந்த தன் வீட்டின் பின்பக்கம் உட்கார்ந்து கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். பகலில் அரசாங்கத் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கிற வேலை, முகூர்த்த நாட்களில் பேண்டு செட்டில் கிளாரினெட். மனைவி சாந்தகுமாரி உள்ளேயிருந்து கூப்பாடு போட்டாள்.

"என்னாங்க, சீக்கிரம் வாங்க! நம்ம பாட்டு டிவில வருது!"

ஓடிப் போய்ப் பார்த்தான். கொசுவத்திச் சுருள் விளம்பரம். ஒரு வாசற்படியில் சுருள் புகைந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி இஸ்திரி போட்ட சட்டைக் குழந்தைகள் கைதட்டிப் பாடின.

"வாசலிலே காவல் இருக்கு,
வழி கிடையாது, போயிட்டு வா!
காத்து வந்தா உள்ள விடும்,
கொசு வந்தா திருப்பி விடும்!"

மெட்டு அப்படியே இருந்தது. கைத்தட்டு அப்படியே இருந்தது. 'போயிட்டு வா' என்பதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டுப் பிடிப்பது உத்தமன் செய்த வேலை. அதைக்கூட விட்டுவைக்கவில்லை. முதலில் பெருமையாகச் சிரித்த சாந்தகுமாரி, விளம்பரம் முடிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"பாலுவை எங்க காணோம்?"

பாட்டின் அசல் வரி 'வாசலிலே பாலு நிக்கறான்' என்பது. 'பந்து வந்தா திருப்பி விடுவான்' என்று முடியும். பாலு என்பது உத்தமனின் தம்பி பாலகுமார். குண்டுதோப்பு மைதானத்தில் கோல் கீப்பராக நின்றவன். அவன் நின்றால் பந்துக்கு வழி கிடையாது என்று பக்கத்துப் பேட்டையான ஆஸ்டின் டவுன் பையன்களே ஒப்புக்கொள்வார்கள், அதுவும் சண்டை போட்டுவிட்டுத்தான். எழுபத்தேழில் மஞ்சள் காமாலை வந்தது. கல்யாண வயதுகூட ஆகவில்லை. போய்விட்டான்.

அடுத்த பொங்கல் டோர்னமென்ட் இறுதி ஆட்டத்தில், பாலு நின்ற கோலில் நிற்க எந்தப் பையனுக்கும் கால் வரவில்லை. கடைசியில் ஒரு சின்னவனைத் தள்ளி நிறுத்தினார்கள். அவன் அழுதான். அதைப் பார்த்த எதிரணிக் கீப்பர் மைதானத்தைக் கடந்து வந்து அவனுக்குப் பக்கத்தில், அதே கோலில் நின்றான். அப்போதுதான் உத்தமன் முந்தின ராத்திரி கட்டிவைத்திருந்த பாட்டை வாசித்தான். சீனு டிரம் தட்டினான். கூட்டம் இரண்டாவது தடவையே சேர்ந்து பாடிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு இறுதி ஆட்டத்துக்கும் இதுதான் வழக்கம். இரண்டு கீப்பர்களும் ஒரே கோலில் தோளோடு தோள் நிற்க வேண்டும், ஊர் பாட வேண்டும், பாட்டு முடிந்த பிறகுதான் ஒருவன் எதிர்க் கோலுக்கு நடந்து போவான்.

அந்த மைதானத்துக்கு ஆபத்து வந்தது தொண்ணூற்றுமூன்றில். நீலசந்திரா கிராமமாக இருந்த காலத்தில் அது மாந்தோப்பாம். ஊருக்குப் பொதுவான தோப்பைக் கன்னடத்தில் குண்டுதோப்பு என்பார்கள். மரமெல்லாம் எப்போதோ விறகாகிப்போனாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் கோல் கம்பங்களுக்கு நடுவே லாரி நின்று செங்கல் இறக்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் நிலத்தை மானியமாகப் பெற்ற இனாம்தாரின் வாரிசுகளிடம் கிரயம் வாங்கிவிட்டதாக ஒரு பில்டர் சொன்னான். பில்டர்களுக்கு எப்போதும் எங்கிருந்தாவது ஒரு வாரிசு கிடைத்துவிடுகிறது.

ஊர் கூடி ஒரு சங்கம் அமைத்து வழக்குப் போட்டது. சங்கத்துக்குச் செயலாளர் சீனு. முழுப் பெயர் சீனிவாசராகவன், ஆனால் அந்தப் பெயரில் அவனை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அவன்தான் வக்கீல் வெங்கடகிருஷ்ணனிடம் அழைத்துப்போனான். வக்கீலின் குடும்பம் சமஸ்தான உத்தியோகத்துக்காக மைசூருக்கு வந்து கன்னடத்திலேயே ஊறிப்போன தமிழ்க் குடும்பம். எதிராளியின் கட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"காகிதம் முழுக்க அவங்க பக்கம் இருக்கு. நம்ம கிட்ட இருக்கறது ஒரு பழைய கிராம மேப்பு, அதுவும் கரையான் தின்ன மிச்சம். சும்மா பந்து ஆடினோம்னா கோர்ட் ஒத்துக்காது. வாடிக்கை வேணும். திருவிழாவோ சடங்கோ, தலைமுறை தலைமுறையா ஊரே சேர்ந்து அங்க பண்ணினதா ஏதாவது இருக்கா? ஸ்வல்ப யோசனை பண்ணுங்க."

"பாட்டு இருக்கு சார்," என்றான் சீனு. உத்தமன் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டான்.

வெளியே வந்ததும் உத்தமன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அடேய், அது நான் கட்டின பாட்டுடா. நீதானே டிரம் தட்டினே?"

"எனக்குத் தெரியாதா மச்சா? ஜட்ஜுக்குத் தெரியுமா? உங்க பெரியவங்க பாடிக் கேட்டேன்னு சொல்லு. யார் கட்டினதுன்னு யாருக்கும் தெரியாதுன்னு சொல்லு. அவ்ளோதான் விஷயம்."

"அப்போ பாலு?"

சீனு கொஞ்சம் யோசித்தான். "பாலுன்னு ஒரு ஆள் அந்தக் காலத்துல தோப்பைக் காவல் காத்தான். பந்து வரியைப் பசங்க பின்னாடி சேத்தாங்க. அப்டின்னு சொல்லு."

உத்தமன் பிடித்திருந்த கையை விட்டான். சீனு அவன் தோளில் கை போட்டான்.

"இத பாரு. பாலு ஆடின கிரவுண்டு. அதுல அபார்ட்மென்ட் வந்துட்டா நீ பாட்டை எங்க போய்ப் பாடுவே? பாத்ரூம்லயா? ஊருக்கே தெரியும் அது யார் பாட்டுன்னு. நான் ஒருத்தன் இருக்கேன் இல்ல? நான் மறந்துடுவேனா?"

உத்தமன் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தான். அவன் அதுவரை பொய் சொல்லாத அரிச்சந்திரன் ஒன்றுமில்லை, ஃபேக்டரியில் லீவு கேட்டே எத்தனையோ மாமியார்களைச் சாகடித்தவன். ஆனாலும் இந்தப் பொய் நாக்கில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பாட்டுக்கு வயது நூறுக்கு மேலே என்றான். கட்டியவர் யாரென்று தெரியாது என்றான். நீதிபதி ஆர்வமாகிப் பாடிக் காட்டச் சொன்னார். பாடினான். டவாலி போட்ட சேவகர்கூடக் காலால் தாளம் போட்டார். சாட்சிக்கூண்டில் நின்று தம்பி பெயரைப் பாடியபோது, அவன் செத்த வருஷத்தைவிட அன்றைக்குத்தான் அவன் ரொம்ப தூரம் போய்விட்டதாக உத்தமனுக்குத் தோன்றியது.

வழக்கு ஜெயித்தது. அது பொது நிலம், எந்தத் தனி ஆளும் அதற்கு உரிமை கொண்டாட முடியாது என்று தீர்ப்பு. ஆசிரியர் யாரென்று அறியப்படாத பழம்பாடல் ஒன்று அங்கே வழிவழியாகப் பாடப்பட்டு வருவதையும் தீர்ப்பில் எடுத்துச் சொல்லியிருந்தார் நீதிபதி. பையன்கள் உத்தமனைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். பில்டர் சும்மா இருப்பானா? ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டான். அது கிடப்பில் கிடந்தது. மைதானத்தில் பந்து உருண்டது. உத்தமனுக்கு அதுவே போதும் என்றிருந்தது.

இப்போது அந்தப் பாட்டு கொசு விரட்டுகிறது.

விளம்பரம் வந்த மறுநாளே உத்தமன் ஆஸ்டின் டவுனில் சீனுவின் ரெக்கார்டிங் அறைக்குப் போனான். விளம்பரங்களுக்கு மியூசிக் போடுவதற்கென்று ஒரு மெடிக்கல் ஸ்டோருக்கு மேலே ஏசி வைத்துப் புதிதாகப் போட்டிருந்த அறை; அந்தப் பாட்டு தெரிந்தவர்களில் இந்தத் தொழில் செய்தது அவன் ஒருவன்தான். சீனு எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டு, காபி சொல்லட்டுமா என்று கேட்டான். அவன் முகத்தில் குற்ற உணர்ச்சி கொஞ்சமாவது இருக்கும் என்று உத்தமன் எதிர்பார்த்திருந்தான். இல்லை.

"யார் பாட்டுன்னு சொல்லிக் குடுத்தே?"

"நாட்டுப்புறப் பாட்டுன்னு. புது வார்த்தையும் மியூசிக்கும் என்னுது, அதுக்கு என் பேர்."

"சீனிவாசராகவன்னா?"

"அதானே என் பேரு."

"சொல்ல வாய் கூசலையாடா உனக்கு?"

"நான் எங்க பொய் சொன்னேன் உத்தமா? கம்பெனிக்காரன் யார் பாட்டுன்னு கேட்டான். தீர்ப்பைக் காமிச்சேன். ஆசிரியர் தெரியாதுன்னு கோர்ட்டே எழுதிருக்கு. அவங்க வக்கீல் பாத்துட்டு, இது பப்ளிக் டொமைன், யார் வேணா எடுத்துக்கலாம்னுட்டாரு. நான் எடுக்கலைன்னா வேற எவனாவது எடுத்திருப்பான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேணாம்னிருப்பே."

திருடுகிறவனிடம் இவ்வளவு நேர்மையான பதிலை உத்தமன் எதிர்பார்க்கவில்லை. மேஜை மேலிருந்த கீபோர்டைத் தூக்கி ஜன்னல் வழியாகப் போடலாமா என்று நினைத்தான்.

"பாடை தூக்கினியேடா," என்றான். "தோள் கன்னிப்போச்சுன்னு என் பொண்டாட்டி உனக்கு எண்ணெய் காய்ச்சித் தடவினா. அந்தப் பேரைத் தூக்கிட்டுக் கொசுவை வைக்க உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு? நான் கேஸ் போடப்போறேன். என் பாட்டு, என் தம்பி பேருன்னு எல்லாத்தையும் சொல்லப்போறேன்."

சீனு கோபப்படவில்லை. எழுந்து வந்து, அன்றைக்குக் கோர்ட்டுக்கு வெளியே செய்ததுபோலவே, தோளில் கை வைத்தான்.

"நீ போட மாட்டே. போட்டா, அன்னிக்கு சொன்னது பொய்னு ஆயிடும். அப்பீல்ல கிரவுண்டு போயிடும். பசங்க ஆடற இடத்தை நீ விட்டுக் குடுக்க மாட்டே உத்தமா. உன்னை எனக்குத் தெரியாதா?"

இதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. சாதாரணத் திருடன் வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வருவான். சீனு உத்தமனின் நல்ல குணத்தையே கள்ளச்சாவியாக்கிக்கொண்டு வந்திருந்தான். முப்பது வருஷச் சிநேகிதத்தில் அவன் கற்றுக்கொண்டது இவ்வளவுதான் போலிருக்கிறது. உத்தமன் அந்தக் கையைத் தட்டிவிட்டுப் படியிறங்கினான்.

வெங்கடகிருஷ்ணனிடம் போனான். யாரோ ஒருவருக்கு நடந்ததுபோலக் கேட்டான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"நிலம் பொதுன்னா அதுக்கு சர்க்கார் காவல். சர்க்கார் தூங்கினா கோர்ட் இருக்கு. உங்களையும் என்னையும் மாதிரி யாரோ ஒருத்தர் போய் நின்னு கத்தலாம். யாரும் வேலி போட முடியாது. பாட்டு அப்படி இல்லை. பாட்டு பொதுன்னு ஆயிட்டா அதுக்குக் காவலே கிடையாது. எவன் வேணா எடுத்துண்டு போகலாம், நாலு வார்த்தை மாத்தி, மாத்தினதுக்குத் தன் பேரைப் போட்டுக்கலாம். ஏன்டான்னு கேக்க ஒருத்தருக்கும் உரிமை இல்லை."

"கட்டினவன் உயிரோட இருந்தா?"

வெங்கடகிருஷ்ணன் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவனை நேராகப் பார்க்கவில்லை.

"இருந்தா அது அவன் சொத்து. ஆனா அந்தக் கேள்வியை நீங்க எங்கிட்ட கேக்காதீங்க. நான் அன்னிக்கும் எதையும் கேக்கலை, நீங்களும் சொல்லலை. சாட்சி பொய்னு இப்ப வெளியில வந்தா எதிராளி அப்பீல்ல மனு போடுவான். அந்தப் பாட்டு விழுந்தா மேப்பு ஒண்ணுதான் மிச்சம். கரையான் தின்ன மேப்பு. புரியறதா?"

புரிந்தது. எல்லாருக்கும் எல்லாம் புரிந்துதான் இருந்தது. அவனுக்கு மட்டும்தான் தாமதமாகப் புரிந்திருக்கிறது.

அடுத்து வந்த பொங்கலுக்கு இறுதி ஆட்டம் நடந்தது. கீப்பர்கள் இருவரும் ஒரே கோலில் தோளோடு தோள் நின்றார்கள். உத்தமன் கிளாரினெட்டை எடுத்தான். பெரியவர்கள் பாலு என்று தொடங்கினார்கள். பையன்கள் கூட்டமோ விளம்பர வார்த்தைகளைப் பாடியது. 'கொசு வந்தா' என்னும் இடத்தில் எல்லாருமாகப் பட்டென்று கன்னத்தில் அடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோலில் நின்ற இரண்டு கீப்பர்களும் சிரித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் பிறப்பதற்கு முன்பே பாலு செத்திருந்தான். உத்தமன் பாதியில் வாசிப்பதை நிறுத்தினான். நிறுத்தியதை யாரும் கவனிக்கவில்லை, பாட்டு அவன் இல்லாமலே நன்றாக ஓடியது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சாந்தகுமாரி கொதித்துப்போனாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவளிடம் முதலில் பேசியது பாலுதான். ஆட்டம் முடிந்து முழங்காலெல்லாம் புண்ணாக வருவான், இவள்தான் மருந்து போடுவாள். கடைசி நாட்களில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கி ஊட்டியவளும் இவள்தான்.

"கிரவுண்டாம் கிரவுண்டு! எவன் எவனோ ஆடறதுக்கு நம்ம புள்ளயக் காவு குடுத்துட்டு வந்து நிக்கிறீங்க. அந்த சீனு நல்லா இருப்பானா?"

உத்தமன் கிளாரினெட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

ராஜேஷ்குமார் வந்தது அதற்குப் பிறகுதான். வயது முப்பது இருக்கும், டை கட்டியிருந்தான். சேலத்துக்காரன், பில்டரின் கம்பெனியில் வேலை. கையில் ஒரு இனிப்பு டப்பா. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து பணிவாக உட்கார்ந்தான்.

"சார், உங்களுக்கு நடந்தது பெரிய அநியாயம்," என்று ஆரம்பித்தான். "அந்த விளம்பரத்தைப் பாத்ததுமே எங்க எம்டி சொன்னாரு, இது அந்த கோர்ட்ல பாடின பாட்டாச்சேன்னு. விசாரிச்சோம். ஊர்ல ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. எல்லாருக்கும் கிரவுண்டு வேணும், உங்களைப் பத்தி யாருக்குக் கவலை? நாங்க இருக்கோம் சார். அந்த சீனிவாசராகவன் மேல கேஸ் நடத்தற செலவு எங்களுது. உங்க பேரும் உங்க தம்பி பேரும் பேப்பர்ல வரும். பொய் சாட்சி அது இதுன்னு உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராம எங்க வக்கீல் பாத்துப்பாரு. நீங்க எதுவும் இட்டுக்கட்டிச் சொல்ல வேணாம். உண்மையை மட்டும் சொன்னா போதும்."

இத்தனை நாளில் உத்தமனுக்கு நியாயம் பேசிய முதல் ஆள் அவன். பேசியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதுதான் கொடுமை. பொய் சொல்லச் சொன்னவன் சிநேகிதன், உண்மை சொல்லச் சொல்கிறவன் எதிரி. ஊர் அவனைத் தூக்கிச் சுமந்தது, பிறகு இறக்கிவிட்டு ஆட்டத்தைப் பார்க்கப் போய்விட்டது. அந்த ஊருக்காக அவன் இன்னும் எதைக் கொடுக்க வேண்டும்? ஒரு தலையசைப்பு போதும். சீனு தெருவில் நிற்பான். கொசுவத்திக் கம்பெனிக்காரன் வந்து மன்னிப்புக் கேட்பான். பாலு மறுபடியும் பாலுவாகிவிடுவான்.

"சொல்லுங்க," என்றாள் சாந்தகுமாரி. கதவோரம் நின்றிருந்தாள். "உள்ளதைத்தானே கேக்கறாரு. சொல்லுங்க."

"பாலகுமார் உங்க தம்பிதானே சார்?" என்றான் ராஜேஷ்குமார் மெதுவாக. "மஞ்சள் காமாலைல போனாராமே?"

தெருவில் பையன்கள் பந்தைத் தட்டிக்கொண்டு தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவன் அந்தப் பாட்டைத்தான் முனகினான், கொசு வார்த்தையோடு. இந்த நன்றிகெட்ட பயல்களுக்கு ஆட வேறு இடம் கிடையாது என்பது உத்தமனுக்குத் தெரியும். சீனு சொன்னது சரிதான், அவன் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. சீனு சொன்னது சரியாகப் போனதை நினைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"எனக்குத் தம்பியே கிடையாது," என்றான்.

ராஜேஷ்குமார் சாந்தகுமாரியின் பக்கம் திரும்பினான்.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்க. நீங்கதான் அவருக்குச் சோறு போட்டு வளத்தீங்களாம்."

சாந்தகுமாரி புருஷனைப் பார்த்தாள். அவன் முகத்தில் என்ன கண்டாளோ, புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள்.

"அவருக்குத் தம்பி இல்லைன்னா எனக்கு ஏதுப்பா கொழுந்தன்?" என்றாள். "டப்பாவை எடுத்துட்டுப் போ."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்புகிறவரை அசையாமல் நின்றாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து, "பாலு, என் பாலு," என்று பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். உத்தமன் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினான். அந்தப் பெயர் வெளியே யார் காதிலாவது விழுந்துவிடக் கூடாது என்று ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகச் சாத்தினான்.